அறிவித்தல்காரன் வீட்டுப் பின்கொடி

பர்ஹான் மைக்கைப் பிடித்து வாய் திறந்தால் மாவடிப்பள்ளி வயலில் மேய்கிற கொக்கெல்லாம் எழும்பிச் சவளக்கடையில் போய் இறங்கும். சாகாமக் குளத்தில் தண்ணீர் ஓரங்குலம் ஏறும். கடல், வந்துகொண்டிருக்கும் அலையைப் பாதியில் நிறுத்தி வைத்துக்கொண்டு, அறிவித்தல் முடிந்த பிறகுதான் மீதியைக் கரைக்கு அனுப்பும். கல்முனையில் செத்தவர்கள்கூட, பர்ஹானின் ஓட்டோ தெருவைச் சுற்றி முடிக்கும்வரை தாங்கள் செத்துவிட்டதை முழுதாக நம்புவதில்லை.

இப்படியெல்லாம் கதை கட்டிவிட்டது சப்ரி. பர்ஹான் அவனுக்கு மச்சான். அவனுக்கு மூத்தவள், ராத்தா றுக்ஸானாவைக் கட்டியவர். கதை கட்டுவதற்குச் சப்ரிக்கு நேரம் நிறைய இருந்தது. ஓ.எல். பரீட்சையில் கணிதம் அவனைக் கைவிட்டிருந்தது. அவனும் கணிதத்தைத் தேடிப் போகவில்லை.

பர்ஹானுக்குத் தொழிலே அறிவித்தல்தான். ஓட்டோவின் கூரையில் இரண்டு ஹோர்ன், பின் சீற்றில் அம்பிளிபயர், முன்னால் அவர். மௌத்தானவரின் அடக்கச் செய்தி, இரத்ததான முகாம், மின்வெட்டு, புடவைக்கடைத் தள்ளுபடி, காணாமல்போன ஆடு. எதுவானாலும் ஒவ்வொரு சந்தியிலும் மூன்று தரம் சொல்வார். முதல் தரம் வீட்டுக்குள் இருப்பவருக்கு. இரண்டாம் தரம் "என்னவாம், என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டு வாசல் கடப்படிக்கு ஓடி வருபவருக்கு. மூன்றாம் தரம், வந்தவர் தான் கேட்டது சரிதான் என்று தலையாட்டிக்கொண்டு திரும்பிப் போவதற்கு.

அவருடைய வாப்பா சாய்ந்தமருதுக் கரையில் மீன் ஏலம் கூறியவர். கடல் இரைச்சலுக்கு மேலால் கத்திக் கத்தி, வீட்டுக்குள் வந்த பிறகும் கடல் பக்கத்தில்தான் இருக்கிறது என்ற நினைப்பிலேயே பிள்ளைகளை வளர்த்தார். அந்தக் குரல்தான் பர்ஹானுக்கு வந்தது. கலியாணம் முடித்து றுக்ஸானாவின் சீதன வீட்டுக்கு வந்தபோது ஒரு சூட்கேசும் அந்தக் குரலுமாக வந்து இறங்கினார். வீடு றுக்ஸானாவுடையது. கதவும் கட்டிலும் அவளுடையவை. அதே வளவின் பின்வீட்டில் மாமியும் மச்சினன் சப்ரியும். அந்த வளவில் பர்ஹானுக்கென்று சொந்தமாக இருந்தது குரல் ஒன்றுதான். அதை அவர் கஞ்சத்தனமில்லாமல் செலவழித்தார்.

"றுக்ஸானா, தேத்தண்ணி!" மூன்று தரம். "ஸாஜித் சோறு தின்னல்ல!" மூன்று தரம். தெருவில் போகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "தின்னு மகன்," என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஸாஜித் அவர்களுடைய ஒரே பிள்ளை, ஐந்து வயது. பர்ஹான் எதையும் ஊருக்குச் சொல்லுகிற மாதிரி, றுக்ஸானா எதையும் ஊருக்கு மறைப்பாள். பிள்ளை விழுந்தால் விழவில்லை என்பாள். அழுதால் கண்ணில் தூசி என்பாள். சோறு ஊட்டுவாள், செருப்பு மாட்டுவாள், மணலில் கால் வைக்க விடமாட்டாள். யாராவது "பேரென்ன மகன்?" என்று ஸாஜித்தைக் கேட்டால் அவளே, "ஸாஜித்," என்பாள். வாப்பா அவனுக்கு மேலால் கதைப்பார், உம்மா அவனுக்குப் பதிலாகக் கதைப்பாள். மிச்சமிருந்த கதையை அவன் சப்ரி மாமாவிடம் வந்து கதைத்தான். பல்லிக்கு வால் அறுந்தால் வாலுக்கு நோகுமா, பல்லிக்கு நோகுமா என்பது போன்ற முக்கியமான விசயங்கள்.

நேசறிப் பள்ளிக்குப் போகத் தொடங்கிய மாதத்தில், எப்போதோ நின்றுபோன ஒரு பழக்கம் ஸாஜித்துக்குத் திரும்பி வந்தது. காலையில் பாய் நனைந்திருந்தது. றுக்ஸானா சுபஹுத் தொழுகைக்கு முன்னரே எழும்பி, பாயையும் விரிப்பையும் கழுவி, கள்ளக்கடத்தல்காரி மாதிரிப் பின்வளவில் காயப்போட்டாள். பிள்ளையிடம், "ஆருக்கும் சொல்லிராத, என்ன?" என்றாள். இது ஊருக்குத் தெரிந்தால் பெரிய ஆபத்து வரும் என்று பிள்ளைக்கு விளங்கிவிட்டது. அடுத்த நாளும் நனைந்தது.

ஒரு காலை மழை பிடித்துக்கொண்டது. விரிப்பு காயவில்லை. மழை விட்டதும் றுக்ஸானா அதை வெயில் படும் முன்கொடியில் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அந்த நேரம் பார்த்து பர்ஹான் முற்றத்தில் புது அம்பிளிபயரைப் பூட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார். மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார். டொக், டொக். என்ன சொல்லிச் சோதிப்பது என்று யோசித்தார். முன்னால் விரிப்பு தொங்கியது. பக்கத்தில் ஸாஜித் நின்றான்.

"அன்பார்ந்த பொதுமக்களே! இந்த வீதியில் வசிக்கும் பர்ஹான் அவர்களின் அன்பு மகன் ஸாஜித், இன்று காலையும் பாயை நனைத்துவிட்டார் என்பதை ஆழ்ந்த மனவருத்தத்துடன் அறியத் தருகின்றோம்."

மனத்தில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஒரு பகிடி, ஒரு சோதனை, கொஞ்சம் வெட்கம் வந்தால் பிள்ளை திருந்தும் என்ற நம்பிக்கை. ஒரு தரத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தொழில் பழக்கம். மூன்று தரம் சொன்னார். புது அம்பிளிபயர் மிகவும் நல்ல சாமான்.

எதிர்வீட்டு மீராலெவ்வை காக்கா சட்டை மாற்றித் தொப்பியும் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். அவர் காதில் விழுந்தது பர்ஹானின் பெயரும் ஆழ்ந்த மனவருத்தமும்தான். "ஆருடா மௌத்து? அடக்கம் எத்தின மணிக்கு?"

"மௌத்து ஒண்டும் இல்ல காக்கா. பொடியன் பாய்ல ஒண்டுக்குப் போன."

"அதுக்கா என்ன சட்ட மாத்த வெச்ச?" என்று அவர் ஏசினார். பின்னால் வந்த தெருப் பொடியன்மார் சிரித்த சிரிப்பில் கொடி ஆடியது. அன்று தொடக்கம் அவர்கள் ஸாஜித்துக்கு வைத்த பேர், 'பொதுமக்களே'.

ஸாஜித் அழவில்லை. கட்டிலுக்குக் கீழே போனான். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு சப்ரி படுத்தபடி உள்ளே கையை நீட்டி, "பல்லி ஒண்டு பிடிச்சிரிக்கன், வா," என்று சொன்ன பிறகுதான் வந்தான். பல்லி இல்லை. அவன் கோபிக்கவும் இல்லை. அதுதான் சப்ரிக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஸாஜித் வாப்பாவோடு கதைக்கவில்லை. சண்டை இல்லை, முறைப்பும் இல்லை. அவரைக் கண்டால் வாய் மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். பக்கத்துத் தெருவில் டொக், டொக் என்று மைக் தட்டுகிற சத்தம் கேட்டாலும் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். பாய் தினமும் நனைந்தது.

பர்ஹான் ரிமோட் கார் வாங்கிக் கொடுத்தார். ஸாஜித் அதை வாங்கி, உம்மாவின் கையில் கொடுத்தான். பர்ஹான் குந்தியிருந்து, "வாப்பா எண்டு ஒருக்காச் சொல்லு மகன்!" என்றார். கெஞ்சிக் கேட்டதுதான். ஆனால் அந்தக் குரலில் கெஞ்சினாலும் தள்ளுபடி விற்பனை மாதிரித்தான் கேட்டது. மூன்றாம் தரம் கேட்கும்போது பிள்ளை கட்டிலுக்குக் கீழே இருந்தான்.

பள்ளிவாசல் லெப்பையிடம் போய்த் தண்ணீர் ஓதி வாங்கி வந்தார்கள். காலையில் ஒரு மிடறு கொடுக்கச் சொன்னார் அவர். றுக்ஸானாவுக்கு ஒரு மிடறு காணாது என்று பட்டது. இரவு படுக்க முன்னரும் ஒரு கிளாஸ் நிறையக் கொடுத்தாள். அந்தக் கிழமை மெத்தையும் நனைந்தது.

நேசறியிலிருந்து ஆதிலா ரீச்சர் கூப்பிட்டு அனுப்பினாள். கூப்பிட்டது தாய் தகப்பனை. ஓட்டோவில் இடம் இருந்ததால் சப்ரியும் போய் யன்னலுக்கு வெளியே நின்றான்.

"பிள்ளை இஞ்ச ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கிறல்ல," என்றாள் ரீச்சர். "தண்ணிப் போத்தல் கொண்டு வந்த மாதிரியே திரும்பிப் போகுது. ஒண்டுக்கு வந்திருமோ எண்டு பயம். கதிர நுனிலதான் இரிக்கான்."

"வீட்ட ஒரு குறையும் இல்லயே ரீச்சர்," என்றாள் றுக்ஸானா அவசரமாக. "அவன் நல்லாத்தான் இரிக்கான். ஒண்டும் இல்ல அவனுக்கு."

"ரீச்சர், நான் சொல்றன்," என்றார் பர்ஹான். பக்கத்து வகுப்பில் பாட்டு நின்றது. "எங்கட வாப்பா எண்ட பாயக் கடப்படில தொங்கவிட்டவர். ஊரே பாத்திச்சு. ஒரே நாள். நிப்பாட்டிட்டன்!"

"எத நிப்பாட்டின நீங்க?" என்று கேட்டாள் ரீச்சர். "பாய நனைக்கிறதையா, வாப்பாவோட கதைக்கிறதையா?"

பர்ஹான் வாயைத் திறந்தார். கொக்கு ஒன்றும் எழும்பவில்லை.

"ஏசவும் வேணா, ஒளிக்கவும் வேணா," என்றாள் ரீச்சர். "நனஞ்சா மாத்திறது. அவ்வளவுதான். சாதாரணமா இரிங்க."

திரும்பி வீட்டுக்கு வந்து இறங்கும்போது பர்ஹான் சப்ரியிடம், "சாதாரணமா எண்டா எப்பிடிடா இரிக்கிற?" என்று கேட்டார். அது பகிடிக்கேள்வி இல்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

சப்ரிக்கும் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது வேறு வேலை. முன்பொரு முறை மச்சானின் மெமரி கார்டில் புடவைக்கடை விளம்பரத்தை எடுத்துவிட்டு ஆடு கத்துவதை ஏற்றிவைத்தவன் அவன். கடைக்காரரிடம் வாங்கிய ஏச்சைப் பர்ஹான் வீட்டில் வந்து மூன்று தரம் சொன்னார். அந்த வரிசையில் இதையும் செய்தான் என்றுதான் சப்ரி தனக்குச் சொல்லிக்கொண்டான். மச்சானுக்கும் ஒரு நாளைக்குத் தெரியட்டும். வேறு ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து இறைச்சிக்கறியும் சோறும் தின்றால் பர்ஹான் பின்னேரம் அஸர்வரை நித்திரை கொள்வார். அந்த நித்திரையை இடியும் எழுப்பாது. றுக்ஸானா பின்வீட்டில் உம்மாவுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். சப்ரி ஒரு சோடாப் போத்தலின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, கேத்தல் சுடுதண்ணீரையும் பைப் தண்ணீரையும் கலந்து, தன் முழங்கையில் ஊற்றிச் சூடு பார்த்து நிரப்பினான். பச்சைத்தண்ணீர் பட்டால் மச்சான் எழும்பிவிடுவார், அதற்காகத்தான். தலைமாட்டில் கிடந்த போனை எடுத்து மேசையில் வைத்தான். போன் பழுதானால் ராத்தா புதுசு கேட்டு வீட்டை இரண்டாக்குவாள், அதற்காகத்தான். பிறகு மச்சான் உடுத்திருந்த சாரத்தின் மேல் நிதானமாக ஊற்றிவிட்டு, போத்தலைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி, யன்னலால் குதித்துக் கொய்யா மரத்தில் ஏறிக்கொண்டான். வீடியோ எடுப்பதற்குத் தன் போனைத் தயாராகப் பிடித்திருந்தான்.

பர்ஹான் எழும்பினார். சாரத்தைத் தொட்டுப் பார்த்தார். விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். கூரையைப் பார்த்தார், ஒழுக்கு இல்லை, மழையும் இல்லை. கடற்கரை முழுக்கக் கேட்கிற மனிதர் ஒரு சத்தமும் இல்லாமல் கட்டிலின் ஓரத்தில் இருந்தார். பிறகு கதவை மெல்லத் திறந்து இரண்டு பக்கமும் பார்த்து, விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குனிந்தபடி கிணற்றடிக்குப் போனார். தண்ணீர் அள்ளிக் குளித்தார். சவர்க்காரம் போட்டு விரிப்பைத் தேய்த்தார்.

வாழைமரத்துக்குப் பின்னால் ஸாஜித் நின்றுகொண்டிருந்தான். அவன் அங்கே நிற்பது சப்ரியின் திட்டத்தில் இல்லை.

பர்ஹான் நிமிர்ந்தபோது கண்டார். விரிப்பைப் பின்னால் மறைக்கப் பார்த்தார். இரட்டைக் கட்டில் விரிப்பு, மறைக்க முடியவில்லை. ஸாஜித் விரிப்பைப் பார்த்தான், சாரத்தைப் பார்த்தான், வாப்பாவின் முகத்தைப் பார்த்தான். அந்த முகம் அவனுக்குத் தெரிந்த முகம். தினமும் காலையில் அவன் வைத்திருக்கிற முகம்.

கிட்டப் போனான்.

"வாப்பா," என்றான். "நான் ஆருக்கிட்டயும் சொல்லமாட்டன்."

பர்ஹான் மறைத்த விரிப்பை வெளியே எடுத்தார்.

"முன்னுக்குப் போடாதீங்க. ஆக்கள் பாக்கும்," என்றான் ஸாஜித். "பின்கொடில போடுங்க. நான் அந்தப் பக்கத்தப் பிடிக்கன்."

"ஓம் மகன்," என்றார் பர்ஹான். மரத்தில் இருந்த சப்ரி காதைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மச்சானிடம் இப்படியொரு குரல் இருப்பது ராத்தாவுக்கே தெரிந்திருக்காது.

இருவரும் விரிப்பை முறுக்கினார்கள். வாப்பா திருகத் திருகப் பிள்ளையும் அவர் திருகிய வாக்கிலேயே கையைக் கொண்டுபோனான். விரிப்பு முழுதாகச் சுழன்றதே தவிரப் பிழியவில்லை. "நீ மற்றப் பக்கம் திருகு மகன்." "எந்த மற்றப் பக்கம் வாப்பா?" "வீட்டுப் பக்கம்." தண்ணீர் இறங்கி இரண்டு பேருடைய காலிலும் ஊற்றியது. ஸாஜித் சிரித்தான். சப்ரி பிறகு போனைப் பார்த்தபோது வீடியோ ஒன்றும் பதிவாகியிருக்கவில்லை. பொத்தானை அமத்த மறந்திருக்கிறான். மரத்தில் ஏறினால் இப்படித்தான்.

ஒரு பகிடி சரிவந்தால் அதைத் திரும்பச் செய்யாமலிருக்கச் சப்ரி என்ன பைத்தியமா? அடுத்த வெள்ளியும் ஊற்றினான். அதற்கடுத்த வெள்ளியும். ஒவ்வொரு தரமும் ஸாஜித் கிணற்றடியில் வந்து நின்றான். இப்போது அவன் வாப்பாவுக்குப் புத்தி சொல்லவும் தொடங்கியிருந்தான்.

"படுக்க முன்ன கக்கூசுக்குப் போன நீங்களா வாப்பா?"

"மறந்திட்டன் மகன்."

"மறக்காதடா. நானும் வாறன், ரெண்டு பேரும் போவம்." 'டா' போட்டதற்கு வேறு நாளென்றால் மூன்று தரம் ஏச்சு விழுந்திருக்கும். பர்ஹான் தலையாட்டினார்.

இரவில் படுக்க முன் இருவரும் போனார்கள். நேசறியில் தண்ணிப் போத்தல் பாதி காலியாகத் திரும்பி வந்தது. ஸாஜித்தின் பாய் சில நாள் காய்ந்திருந்தது, சில நாள் நனைந்திருந்தது. நனைந்த நாளில் அவனே அதைச் சுருட்டிக்கொண்டு வந்து, "வாப்பா, இண்டைக்கு எண்ட," என்பான். றுக்ஸானா ஒளிப்பதற்கு ஓடி வருவாள். ஒளிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. தகப்பனும் மகனும் ஏற்கனவே கிணற்றடியில் நிற்பார்கள். "என்ன நடக்குது இந்த ஊட்டுல?" என்று அவள் கேட்டதற்கு இருவரும், "ஒண்டும் இல்ல," என்றார்கள், ஒரே நேரத்தில்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சப்ரி மருதமுனையில் சொப்ட்போல் மேச் ஒன்றுக்குப் போய்விட்டான். அவனுடைய அணி தோற்றது. வெள்ளிக்கிழமை ஊற்றுகிற வேலை ஒன்று இருப்பது திரும்பி வரும்போது பஸ்சில்தான் நினைவுக்கு வந்தது. இன்றைக்கு மச்சான் காய்ந்த விரிப்பில் எழும்பியிருப்பார், பொடியன் கிணற்றடியில் சும்மா நின்றுவிட்டுப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டு வளவுக்குள் நுழைந்தான்.

பின்கொடியில் விரிப்பு தொங்கியது. தண்ணீர் சொட்டியது. ஸாஜித் அதன் கீழே நின்று, சொட்டுகிற தண்ணீரை வாயால் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சப்ரி இன்றைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. யாரும் ஊற்றவில்லை. அப்படியென்றால் மச்சானுக்கு உண்மையிலேயே வந்துவிட்டது. தான் விளையாடி விளையாடி, இவ்வளவு பெரிய மனிதரின் உடம்பில் எதையோ கழற்றிவிட்டதாக அவனுக்குப் பட்டது. டொக்டரிடம் கொண்டுபோனால் என்ன சொல்வது, எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றான்.

"சப்ரி," என்று பர்ஹான் ஓட்டோவுக்குள் இருந்து கூப்பிட்டார். ஒரு தரம்தான். "இஞ்ச வா. ஹோர்ன் ஆடுது, பிடி."

ஹோர்ன் ஆடவில்லை. பர்ஹான் முன் சீற்றைத் தட்டி அவனை இருக்கச் சொன்னார்.

"எங்கடா போன இண்டைக்கு?"

"மேச்சுக்கு மச்சான்."

"போறண்டாச் சொல்லிட்டுப் போறல்லயா? நான் கண்ண மூடிட்டு எவ்வளவு நேரம் கிடந்தன் தெரியுமா? பொடியன் கிணத்தடில வந்து காத்துக்கிட்டு நிக்கான். மறுகா நானே ஒழும்பி ஊத்திட்டுப் படுத்தன்."

"என்னத்த மச்சான் ஊத்தின?" என்றான் சப்ரி. முகத்தை நன்றாகத்தான் வைத்திருந்தான்.

பர்ஹான் சீற்றுக்குக் கீழே கையை விட்டு, மூடியில் ஆணி ஓட்டை போட்ட சோடாப் போத்தலை எடுத்து மடியில் வைத்தார்.

"முதல் கிழம நான் நெசமா பயந்திட்டன்டா. சீனி வருத்தமாக்கும் எண்டு நினைச்சன். ரெண்டாம் கிழம அரை நித்திரைல பாக்கன், தலமாட்டுல கிடந்த போன ஒரு கை எடுத்து மேசைல வெக்கிது. எந்த மூத்திரம்டா போன எடுத்து மேசைல வெக்கும்?"

"பகிடிக்குத்தான் மச்சான்."

"பகிடிக்கு ஊத்திறவன் பிரிஜ் தண்ணிய ஊத்துவான். நீ சூடு பாத்துக் கலந்து கொண்டு வந்திரிக்கா."

"பச்சத்தண்ணி எண்டா ஒழும்பிருவீங்க."

"ஒழும்பட்டுமே. பகிடியெண்டா ஒழும்பினாத்தானேடா சிரிக்கலாம்?"

சப்ரி வெளியே கையை நீட்டி, ஆடாத ஹோர்னைப் பிடித்துக்கொண்டான்.

பர்ஹான் மைக்கை எடுத்தார். டொக், டொக் என்று தட்டினார். விரிப்புக்குக் கீழே நின்ற ஸாஜித் திரும்பிப் பார்த்தான். கை காதுக்குப் போகப் பார்த்துப் பாதியில் நின்றது. பிறகு ஓடி வந்து வாப்பாவின் காலுக்கும் ஹாண்டிலுக்கும் நடுவில் ஏறி நின்றுகொண்டான்.

"என்னது வாப்பா அறிவித்தல்?"

"ஒண்ட மாமாவப் பத்தி ஒரு விசயம். ஊருக்குச் சொல்லட்டா?"

ஸாஜித் சப்ரியின் முகத்தைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தான்.

"வேணா வாப்பா," என்றான். "மாமா வெக்கப்படுறார்."

பர்ஹான் மைக்கைக் கொழுவி வைத்தார். ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணப் போனவர் நிறுத்தி, மகனுக்குக் கேட்காமல், சப்ரியின் பக்கம் சாய்ந்தார்.

"வாற வெள்ளி மேச் இரிக்கா?"

"இல்ல மச்சான்."

"எண்டா நேரத்தோட வா. இன்னும் கொஞ்சம் சூடாக் கொண்டு வா. நீ போன முறை ஊத்தினது குளிர்ந்திச்சு."